மான் காட்டப் போன காலை

ஒவ்வொரு ஜனவரியும் எங்கள் பாலர் பாடசாலை வாசலில் இதே கதைதான். புதுச் சப்பாத்து, கழுத்தில் தொங்கும் தண்ணீர்ப் போத்தல், முகம் நிறையப் பவுடர், அந்தப் பவுடரைக் கோடு கோடாக அழித்துக்கொண்டு இறங்கும் கண்ணீர். தாய் குனிந்து என் காதுக்குள் சொல்வார்: "ரீச்சர், அங்கால ஊஞ்சல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பராக்குக் காட்டுங்க. நான் நைசாப் போயிருவன்."

நான் மாட்டேன் என்பேன். "சொல்லிப்போட்டுப் போங்க."

"சொன்னா அழும் ரீச்சர்."

"அழட்டும். நான் வச்சிருக்கிறன்."

இதனால் எனக்குக் கல்நெஞ்சுக்காரி என்று ஒரு பெயர் உண்டு. ஒரு தகப்பன் முகத்துக்கு நேரேயே, "பிள்ளைய அழ விட்டுப் பாக்கிறதில உங்களுக்கு என்ன சந்தோசம்?" என்று கேட்டார். அன்று பதில் சொல்ல நேரமில்லை. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

இந்தப் பிடிவாதத்துக்கு விளக்கம் தரும் படிப்பெல்லாம் எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு மான்.

2011 மாசி மாதம். அந்த வருடத்து வெள்ளம் வடிந்து சில கிழமைகள் இருக்கும். அக்காவுக்குக் குவைத்தில் வீட்டு வேலை சரிவந்திருந்தது. அத்தான் மேசன் வேலைக்குப் போன இடத்தில் விழுந்து இடுப்பு அடிபட்டுப் படுத்த படுக்கை. வட்டிக்கு வாங்கிய காசு குட்டி போட்டுக்கொண்டிருந்தது. தாலிக்கொடி வரை அடகில். அக்காவின் மகனுக்கு, அதாவது என் பெறாமகனுக்கு, அப்போது பதினான்கு மாதம்.

வான் காலை ஆறரைக்கு வரும் என்றிருந்தார்கள். முதல் நாள் இரவே அம்மா திட்டம் போட்டுவிட்டார். "பிள்ளை பாக்க நீ வான் ஏறக் கூடாது. ஏங்கிப் போயிரும்." அக்காவும் தலையாட்டினாள். அவன் அழுவதைக் கண்டால் தன்னால் வானில் ஏற முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே பிள்ளையை அப்புறப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. சொன்னதைச் செய்தேன்.

திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊரில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. கோட்டை வாசல், கடற்கரை, பஸ் நிலையப் பக்கம் என்று புள்ளிமான்கள் மாடு மாதிரித் திரியும். வாழைப்பழத் தோல் தின்னும், சிலவேளை பொலித்தீன் பையையும் மெல்லும். அழுகிற பிள்ளைக்கு ஊரே மானைத்தான் காட்டும். என் பெறாமகனுக்கும் மான் என்றால் உயிர். மானுக்கு அவன் வைத்த பெயர் "மா". அம்மாவுக்கு "ம்மா".

விடியலில் அவனைத் தூக்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்தேன். கையில் ஒரு துண்டுப் பாண். மரத்தடியில் நான்கு மான் நின்றன. ஒன்று அவன் உள்ளங்கையில் இருந்தே பாணை எடுத்தது. அதன் மூக்கின் ஈரம் பட்டுச் சிரித்தான், திரும்பி என் கன்னத்தில் கையைத் துடைத்தான். அந்த நேரத்தில்தான் தூரத்தில் வான் ஹோர்ன் கேட்டது. எங்கள் வீட்டு வான்தான் என்று எனக்கு எப்படித் தெரிந்ததோ, தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இறக்கிவிட்டதும் தத்தித் தத்தி நேரே அறைக்குப் போனான். கட்டிலில் இல்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தான். திரைச்சேலையைத் தூக்கிப் பார்த்தான். ஒளித்து விளையாடும்போது அக்கா நிற்கும் இடம் அது. குசினிக்குப் போனான், கிணற்றடிக்குப் போனான், மறுபடி திரைச்சேலைக்கு வந்தான். அழவில்லை. விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். பத்து மணியளவில்தான் அழத் தொடங்கினான்.

மூன்று நாள் அழுகை. நான் தூக்கினால் என்னை உதைப்பான், இறக்கிவிட்டால் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவான். கொடியில் அக்கா வீட்டில் உடுத்தும் பழைய சோட்டி ஒன்று தொங்கியது. அதை இழுத்து விழுத்தி, முகத்தை அதற்குள் புதைத்துப் படுத்தான். சரி, அதோடாவது நித்திரை கொள்ளட்டும் என்று விட்டோம். நான்காம் நாள் அம்மா அதை அழுக்கென்று எடுத்து சன்லைட் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவிட்டார். மாலையில் கொண்டுவந்து கொடுத்தபோது மோந்து பார்த்தான். தள்ளி எறிந்துவிட்டான். அந்த இரவை நான் மறக்க மாட்டேன்.

பிறகு காய்ச்சல். ஏக்கக் காய்ச்சல் என்றார் பக்கத்து வீட்டு மாமி. பார்வை பார்த்தோம், நூல் கட்டினோம், ஆஸ்பத்திரியிலும் காட்டினோம். காய்ச்சல் விட்ட பிறகு ஒரு மூலையில் காரின் சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு இருப்பான். கொடுத்தால் சாப்பிடுவான், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டான். இன்னும் சில கிழமையில் எல்லோரிடமும் போனான், சிரித்தான். வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்: "நல்ல பிள்ளை. தாயைத் தேடவே இல்ல. மறந்திட்டான்."

எங்களுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. சில வருடங்கள் கழித்து முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோதுதான் அந்த "மறந்திட்டான்" எனக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. எங்கள் விரிவுரையாளர், ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரித்தானியாவில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் கிழமைக்கு ஒரு நாள், இரண்டு நாள்தான் வரலாம். அதிலும் சில மணிநேரம். வந்துவிட்டுப் போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது தாதிமாரின் கணக்கு. ராபர்ட்சன் அந்தக் கட்டிலருகில் உட்கார்ந்து பார்த்தவர். சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை நாள் தவறாமல் படம்பிடித்து, 1952 இல் வைத்தியர்களுக்குப் போட்டுக் காட்டினார். பல வைத்தியர்களுக்குக் கோபம் வந்ததாம்.

அவர் கண்டது இது: தாயைப் பிரிந்த சிறு பிள்ளை முதலில் எதிர்க்கும், கத்தும், தேடும். அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்கும். மூன்றாவதாக விலகும். சிரிக்கும், சாப்பிடும், எல்லோரிடமும் போகும். பழகிவிட்டது என்று எல்லோரும் மகிழும் கட்டம் அந்த மூன்றாவதுதான். தாய் திரும்பி வந்து நிற்கும்போதுதான் உண்மை தெரியும். பிள்ளை முகத்தைத் திருப்பும். 1959 இல், ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளின் நலன் பற்றி அங்கே ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தாராளமாக வந்துபோக விட வேண்டும் என்று சொல்வதற்குப் பின்னால் இந்தப் படத்துக்கும் பங்குண்டு.

நான் கொப்பியில் எதிர்ப்பு, ஒடுக்கம், விலகல் என்று மூன்று சொல் எழுதி, பக்கத்தில் சோட்டி என்று எழுதினேன். அருகில் இருந்த பிள்ளை, அது எதற்கு என்று கேட்டது.

ராபர்ட்சனோடு வேலை செய்தவர் ஜான் போல்பி. 1907 இல் பிறந்த ஆங்கிலேயர், மனநல வைத்தியர். வயதுவந்தவருக்கும் பிள்ளைக்கும் இடையிலான பிணைப்பு பற்றி இன்று உலகம் பேசும் பேச்சுக்கு அடித்தளம் இட்டவர். குழந்தை தாயோடு ஒட்டுவது பாலுக்காக என்றுதான் அதுவரை பெரும்பாலும் நம்பினார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான்: "பால் குடுத்தவளத்தான் தேடும்." போல்பி சொன்னது வேறு. ஆபத்து என்று தோன்றும்போது ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். குட்டிகள் உயிர் தப்புவதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு அது. பசி அதற்குள் ஒரு சின்னப் பகுதி.

அவர் சொன்னவற்றை விட அவர் கதைதான் எனக்குள் தங்கியது. பணக்காரக் குடும்பம். தாயைப் பார்ப்பது நாளுக்கு ஒரு மணிநேரம் போல, தேநீருக்குப் பிறகு. அவரைத் தூக்கி வளர்த்த ஆயா ஒருத்தி இருந்தாள். அவருக்கு நான்கு வயதாகும்போது அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்த வீட்டில் அதை யாரும் பெரிய இழப்பாக எண்ணியிருக்க மாட்டார்கள்; வேலைக்காரி போனாள், இன்னொருத்தி வந்தாள். பிள்ளைக்கு அது தாயை இழந்தது போலத்தான் என்று பெரியவரான பிறகு அவரே சொன்னார்.

ஆயா, சின்னம்மா, அம்மம்மா, பக்கத்து வீட்டு மாமி. பிள்ளையின் கணக்கில் இரத்த உறவுப் பத்திரம் பார்க்கப்படுவதில்லை. 1964 இல் கிளாஸ்கோவில் அறுபது குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஷாஃபரும் எமர்சனும் கண்டது, சாப்பாடு தீத்தியவரையும் குளிப்பாட்டியவரையும் விட, பிள்ளை கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்து விளையாடியவரோடுதான் ஒட்டு அதிகம் என்று. ஒன்றரை வயது ஆகும்போது ஒரே ஒருவரோடு மட்டும் ஒட்டியிருந்த பிள்ளைகள் மிகச் சிலர்தான். மற்றவர்களுக்குப் பலர்.

இதை எங்கள் பாஷை முன்பே அறிந்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியம்மா, சின்னம்மா, அம்மம்மா, அப்பம்மா. எல்லாவற்றுக்குள்ளும் ஒரு அம்மா. பெறாமகன் என்ற சொல்லை எடுங்கள். பெறவில்லை, ஆனால் மகன். இந்தப் பிணைப்புக்கு எங்கள் பக்கத்தில் வாரப்பாடு என்று ஒரு சொல் உண்டு. "அவன் சின்னம்மாவோட சரியான வாரப்பாடு" என்பார்கள். போரிலும் 2004 சுனாமியிலும் தாய் தகப்பனை இழந்து, மாமி வீட்டிலும் அம்மம்மா வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை. அந்த வாரப்பாடு இல்லாவிட்டால் அவர்கள் கதி என்ன.

சரி, அக்காவிடம் வருவோம்.

வெள்ளிக்கிழமைகளில் கோல் எடுப்பாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் வைப்பேன். ஆரம்பத்தில் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பான், திரைச்சேலைக்குப் பின்னால் பார்த்த மாதிரி. போகப் போகப் போனுக்கு முத்தம் கொடுக்கப் பழகினான். "அம்மா எங்க?" என்று கேட்டால் என் போனைத் தூக்கிக் காட்டுவான். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அக்காவுக்கும் சொல்லிச் சிரித்தோம். அவள் அங்கே சிரித்தாளா என்று இப்போது யோசிக்கிறேன்.

2013 சித்திரையில் வந்தாள். கொழும்பில் இருந்து இரவு பஸ் ஏறி விடியலில் வந்து இறங்கினாள். கேற்றடியில் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கப் போனாள். அவன் என் சட்டைக்குப் பின்னால் போய்விட்டான். "நான்தான்டா அம்மா" என்றாள். அவன் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தான். உள்ளே ஓடினான். போனைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். "அம்மா இஞ்ச."

அக்கா கேற்றடிச் சீமெந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து எழுதப் போவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவன் என் சட்டைக்குப் பின்னால் வந்து பதுங்கிய அந்த நொடியில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. இரண்டு வருடம் மலம் கழுவி, காய்ச்சலுக்கு விழித்து, நெத்தலி முள் எடுத்துத் தீத்தியதற்குக் கிடைத்த பரிசு மாதிரி. கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு இருக்கிறது. தாயின் கிரியைக்காக இராவணன் வெட்டியது என்பது எங்கள் ஊர்க் கதை. பெற்றவளுக்கு ஏழு கிணறு. வளர்த்தவளுக்கு ஒரு வாளித் தண்ணீராவது இறைத்தானா என்று அந்த நாட்களில் நான் உண்மையிலேயே யோசித்தேன். அக்கா அவனைக் கூப்பிடும்போது, அவன் என்னைப் பார்ப்பான். "போ குஞ்சு" என்று வாயால் சொல்வேன். கை அவன் தோளை விடாது. பிள்ளைகள் வாயைக் கேட்பதில்லை.

ஒரு மாதமாகியும் அவன் அக்காவிடம் போகவில்லை. ரிமோட் கார், சொக்கிளேற், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவான். அம்மா மறுபடி ஒரு திட்டம் போட்டார். "நீ கொஞ்ச நாள் மூதூர்ல பெரியம்மா வீட்ட போய் நில்லு. உன்னக் காணாட்டித் தன்பாட்டில தாயோட ஒட்டிரும்." ஊரில் பலரும் சொல்லும் வைத்தியம் இது. பாலங்கள் எல்லாம் திறந்திருந்த காலம், பஸ் ஏறினால் மூதூர். அவன் நித்திரையில் இருக்கும்போது, விடியலில், பையோடு கிளம்பினேன். ஓம், அதே பிழையை இரண்டாம் தரம் செய்தேன். இந்த முறை மான் கூட இல்லை.

நான்காம் நாள் போன் வந்தது. காய்ச்சல். அன்று பின்னேரமே வந்துவிட்டேன். அவன் ஓடிவருவான் என்று கேற்றைத் திறக்கும்போதே கையை விரித்திருந்தேன். விறாந்தையில் காரை உருட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். காரைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் ஓட்டினான்.

அக்காவுக்குக் கேற்றடியில் கிடைத்த முகம் எனக்கும் கிடைத்தது. அன்றுதான் அவள் நிலை எனக்குப் புரிந்தது.

அந்த முகத்தைப் பற்றி ஒரு பெண் ஆயுள் முழுக்க யோசித்திருக்கிறாள் என்று பயிற்சியில் தெரிந்தது. மேரி எய்ன்ஸ்வர்த் என்ற உளவியலாளர். 1954 இல் கணவருக்கு வேலை கிடைத்து உகண்டாவுக்குப் போனவர், கம்பாலாவைச் சுற்றிய கிராமங்களில் 26 தாய்மாரின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்தார். தவழ்கிற பிள்ளை தாயை விட்டு நகரும், எதையாவது தூக்கிப் பார்க்கும், திரும்பித் தாயைப் பார்க்கும், மறுபடி போகும். துறைமுகத்தில் இருந்து கடலுக்குப் போய்வரும் வள்ளம் மாதிரி என்று எனக்குத் தோன்றியது. துறை இருக்கிறது என்று தெரிந்தால்தான் வள்ளம் தூரம் போகும்.

பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் ஒரு சோதனை வடிவமைத்தார். ஒரு வயதுப் பிள்ளை, தாய், தெரியாத ஒரு பெண், விளையாட்டுச் சாமான் போட்ட ஓர் அறை. சுமார் இருபது நிமிடத்தில் தாய் இரண்டு தரம் வெளியே போய் இரண்டு தரம் திரும்பி வருவார். போகும்போது பிள்ளை அழுததா என்பதை வைத்துத்தான் முடிவு சொல்வார்கள் என்று நான் நினைத்தேன். எய்ன்ஸ்வர்த் பெரிதாகப் பார்த்தது, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதை. அழுதுகொண்டு போய் ஒட்டி, கொஞ்ச நேரத்தில் ஆறி, மறுபடி விளையாட இறங்குகிறதா? ஒட்டியபடியே உதைத்து, ஆறாமல் நிற்கிறதா? அல்லது வந்தவரைக் காணாத மாதிரி விளையாட்டுச் சாமானில் கண்ணை வைத்திருக்கிறதா? இந்த மூன்றாவது வகைப் பிள்ளைகளின் நெஞ்சுத் துடிப்பைப் பின்னாளில் அளந்து பார்த்தார்கள். முகம் சும்மா இருக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சுவர்ப்பக்கம் போன அந்தக் காரை அப்போது நினைத்தேன்.

அந்தச் சோதனையில் எனக்கொரு குறையும் உண்டு. எங்கள் வீட்டில் செய்திருந்தால் இரண்டாவது நிமிடமே மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளைய அழ விட்டுட்டு?" என்று தூக்கிக்கொண்டு போயிருப்பார். தாய் ஒருபோதும் தனியே விடாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த இருபது நிமிடம் வேறு அர்த்தம் தரும். ஜப்பானில் சப்போரோவில் செய்தபோது ஆற்ற முடியாமல் அழுத பிள்ளைகள் அதிகமாக இருந்ததற்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே இணையத்தில் பத்துக் கேள்வி கேட்டு "உங்கள் பிணைப்பு வகை இது" என்று முத்திரை குத்தும் விளையாட்டை நான் நம்புவதில்லை. இருபத்திநான்கு மணிநேரமும் பிள்ளையை உடம்போடு கட்டிக்கொண்டு திரிந்தால்தான் பிணைப்பு வரும் என்பதையும் தான். எட் ட்ரோனிக் என்பவர் தாயையும் குழந்தையையும் நொடி நொடியாகப் படம்பிடித்துப் பார்த்தார். நன்றாக இருக்கும் சோடிகள் கூட மூன்றில் ஒரு பங்கு நேரம் போலத்தான் ஒத்துப்போகிறார்கள். மிச்ச நேரமெல்லாம் தவறவிடுவதும் பிறகு சரிசெய்வதும்தான்.

எங்கள் வீட்டில் சரிசெய்தது தேங்காய் துருவும் திருவலை. பயிற்சி முடிந்த பிறகு செய்த காரியம் என்று சொன்னால் பொய்யாகிவிடும்; அப்போது எனக்கு எதுவும் தெரியாது. மூதூரில் இருந்து வந்த இரவு அக்காவும் நானும் கிணற்றடியில் இருந்து அழுதோம். "இனி அவனக் கூப்பிட மாட்டன். வாறதெண்டா வரட்டும்" என்றாள். நான், "இனி நான் சொல்லாம எங்கயும் போக மாட்டன்" என்றேன். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

மறுநாளில் இருந்து காலையில் அக்கா சம்பலுக்குத் தேங்காய் துருவ உட்காரும்போது நானும் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பேன். அவனுக்குத் தேங்காய்ப்பூ என்றால் ஆசை. அக்கா அவனைப் பார்க்க மாட்டாள். துருவும்போது தட்டின் ஓரத்தில் ஒரு விரல் அளவு பூவை ஒதுக்கி வைத்துவிட்டு என்னோடு கதைத்துக்கொண்டு இருப்பாள். முதல் நாள் அவன் என் மடியில் இருந்து பார்த்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கை நீண்டது, எடுத்துக்கொண்டு ஓடினான். அடுத்த கிழமை எடுத்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே நின்று தின்றான். ஒரு நாள் அக்கா ஓரத்தில் வைக்க மறந்துவிட்டாள். அவன் அவள் முழங்காலில் தட்டினான். "ம்" என்று தட்டைக் காட்டினான். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கீழே குனிந்து துருவிக்கொண்டே இருந்தாள், கண்ணீர் தேங்காய்க்குள் விழுந்துகொண்டிருந்தது. "வெங்காயம்" என்றாள் அம்மாவிடம். வெங்காயம் என் கையில் இருந்தது.

இரவில் தண்ணி கேட்டு என்னை எழுப்புவான். "வா, ரெண்டு பேரும் போய் அம்மாட்டக் கேப்பம்" என்பேன். அந்த ஒரு வசனம் வாயில் வர எனக்கு எத்தனை கிழமை பிடித்தது என்பது எனக்குத்தான் தெரியும். அடுத்த வருடப் பொங்கலுக்கு அவன் எங்கள் இருவர் நடுவில் படுத்தான், ஆளுக்கு ஒரு கால் போட்டு.

அக்கா வந்த அதே 2013 இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று அரசாங்கம் விதி கொண்டுவந்தது. குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒரு பேப்பர். பிறகு தளர்த்தினார்கள். பிள்ளைக்காக என்றுதான் சொன்னார்கள், இருக்கலாம். ஆனால் அதே பேப்பரைத் தகப்பன்மாரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வட்டியை யார் கட்டுவது என்றும் அதில் எழுதியிருக்கவில்லை. அக்கா போயிருக்கக் கூடாது என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அவள் அனுப்பிய காசில்தான் அத்தான் நடக்கிறார். போன விதத்தைப் பற்றி மட்டும்தான் என் மனத்தாங்கல். அதில் என் கையும் இருக்கிறது, பாண் துண்டோடு.

எங்கள் ஆட்கள் யாரும் "போறன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அபசகுனம். "போட்டு வாறன்" என்றுதான் சொல்வோம். கடலுக்குப் போகிறவர், கடைக்குப் போகிறவர், எல்லோரும். வருவேன் என்ற வாக்கைப் போகும்போதே கொடுத்துவிட்டுப் போகும் இந்தப் பழக்கத்தைச் சின்னப் பிள்ளையிடம் மட்டும் ஏன் பிடிப்பதில்லை? அதற்கு விளங்காது என்று நினைக்கிறோம். அழுகையைப் பார்க்க நமக்குத் தைரியமில்லை என்பதை அப்படிச் சொல்கிறோம்.

2015 இல் எனக்குக் கலியாணமாகி மட்டக்களப்புக்குப் போக வேண்டி வந்தது. அவனுக்கு ஐந்து வயது. பத்து நாள் முன்னதாகவே சொன்னேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் நான் போகும் திகதியில் ஒரு மூலையை மடித்துவிட்டேன், திரும்பி வரும் திகதியில் இன்னொன்றை. ஒவ்வொரு மாலையும் அவனே தாளைக் கிழித்தான். என் பழைய சோல் ஒன்றை அவனிடம் கொடுத்து, யாரும் தோய்க்கக் கூடாது என்று அம்மாவுக்குச் சத்தியம் வாங்கினேன்.

பஸ் நிலையத்தில் அவன் போட்ட சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்த்தது. நிலத்தில் புரண்டான். அக்கா அவனைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து அழுதான். அம்மாவுக்கு என்மேல் சரியான கோபம். "சொல்லாமப் போயிருந்தா பிள்ளை இப்பிடி அழுமா?" அழாதுதான். நான் யன்னல் பக்கம் இருந்து, "போட்டு வாறன் குஞ்சு" என்று அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். ஹபரணை வரை என் கண்ணும் காயவில்லை.

இரண்டு கிழமை கழித்து, மடித்த திகதியில் வந்தேன். கேற்றைத் திறந்ததும் ஓடிவந்தான். ஒரு முழம் தள்ளி நின்றான். முஷ்டியைப் பிடித்து என் தொடையில் இரண்டு குத்துக் குத்தினான், நல்ல நோ. அதன் பிறகு இடுப்பைக் கட்டிக்கொண்டான். அக்கா விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அவனாகவே வந்து, "மான் பாப்பமா சின்னம்மா?" என்று கேட்டான். 2011க்குப் பிறகு அந்தச் சொல்லை அவன் சொல்லி நான் கேட்டதில்லை. கோட்டைப் பக்கத் திருப்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாலே உடம்பு விறைத்து என் தலைமுடியைப் பிடிக்கிற பிள்ளை. நாங்களும் அந்த வழியை விட்டுவிட்டிருந்தோம்.

பாண் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். திருப்பம் வந்ததும் நின்றான். எங்கள் இருவர் கையையும் விட்டான்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னுக்கு நடவுங்க" என்றான். "நான் பின்னால நிண்டு பாத்துக்கொண்டு வாறன்."